இறங்கிப் போக வேண்டிய இடம்

கள்ளக்குறிச்சி
8-3-1987

அன்புத் தங்கை தங்கமணிக்கு,

நானும் உன் அண்ணி குஞ்சம்மாளும் இங்கே சுகம். மலையில் பனி விட்டிருக்கும். நீயும் குழந்தை செல்வியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சேதி எழுதத்தான் உட்கார்ந்தேன். பேரூராட்சி ஓவர்சியராக இத்தனை வருடமும் சாக்கடைக்கு மட்டம் பார்த்தே கழித்துவிட்டேன். இப்போதுதான் ஒரு வேலை உருப்படியாக வந்திருக்கிறது. சைக்கிளுக்கு என்று தனி வழி. கருணாபுரம் திருப்பத்தில் தொடங்கிப் பெண்கள் பள்ளி வரைக்கும், சாலையின் இடது ஓரமாக. சாலைக்கும் வழிக்கும் நடுவே இடுப்பளவு கருங்கற்களை வரிசையாக நட்டுவிட வேண்டும். சைக்கிள் நுழையலாம், லாரி நுழைய முடியாது.

காலையில் அந்தச் சாலையில் நின்று பார்த்தால் உனக்குப் புரியும். அரிசி ஆலைக்குப் போகும் ஆட்கள், பள்ளிக்கூடப் பெண்கள், பால்காரர்கள், எல்லாரும் சைக்கிள். அதற்குள் புகுந்து வருகிறது கரும்பு லாரி. இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருப்பதால் டிரைவருக்குப் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரிவதே இல்லை. போன வெட்டுப் பருவத்தில் மட்டும் மூன்று பேர் போனார்கள். மூன்றும் கூலிக்காரர்கள், அதனால் ஊர் அதிகம் பேசவில்லை.

வரைபடம் என்னுடையது. கையெழுத்து இன்ஜினீயருடையது. என்னிடம் மட்டப் பலகை பிடிக்கக் கற்றுக்கொண்ட பையன் அவர். ஐந்தடி அகலம் போட்டிருந்தேன், செலவு மிச்சம் என்று மூன்றரையாக வெட்டிவிட்டார். இனி ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பொறியியல் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தால் இந்த ஆளுக்கெல்லாம் நான் எழுந்து நிற்க வேண்டியிருந்திருக்காது. அது ஏன் கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

குழந்தைக்கு என் ஆசி.

அண்ணன்
கண்ணாயிரம்


வெள்ளிமலை
22-3-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இவரும் உங்கள் இருவரையும் விசாரித்தார்.

நீங்கள் ஒரு வேலையைப் பற்றிச் சந்தோஷமாக எழுதி நான் பார்த்ததில்லை. பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டினேன். இங்கே மேட்டில் சைக்கிளை மனிதன்தான் தள்ளிக்கொண்டு போகிறான், அதனால் அவர்களுக்கு ஆச்சரியம். இவர் கேட்டது வேறு. "சைக்கிளுக்குத் தனி வழி, லாரிக்குத் தனி வழி. நடக்கறவன் எதுல போவான்னு ஒங்க அண்ணன் சொல்லலியே?" சும்மா கிண்டலுக்குத்தான்.

அகலத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று மனம் விட வேண்டாம். வழி வருகிறதே, அது போதும்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கமணி


கள்ளக்குறிச்சி
19-4-1987

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டேன். அண்ணிக்கு முழங்கால் அப்படியேதான். செல்விக்கு ஆண்டுத் தேர்வு முடிந்ததா?

நடக்கிறவன் எதில் போவான் என்று யாரோ கேட்டதாக எழுதியிருந்தாய். நடக்கிறவனும் அதிலேயே போகலாம், மணி அடித்தால் ஒதுங்க வேண்டும்.

கற்களை நட்டாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் குழி எடுத்துச் சரளை போட்டுக் கடப்பாரையால் இடித்து இறுக்கும்வரை நான் நகரவில்லை. வளைவில் மட்டும் ஒரு கல் குறைந்தது. அலுவலகக் கொல்லையில் கிடந்த பழைய எல்லைக் கல்லைக் கொண்டுவந்து நிறுத்தினேன். மற்றவற்றைவிட ஒரு முழம் உயரம். ராத்திரியில் தெரிவதற்காக எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்து, நடுவில் காவிப் பட்டை போட்டேன். கறுப்பு போடத் தார் கேட்டால் இன்ஜினீயர் தரவில்லை. காவி மலிவு.

டீக்கடைக்காரர் ஒருவர் பெஞ்சை எடுக்க மாட்டேன் என்று சண்டை பிடித்தார். "இன்னா சார், சைக்கிள்காரனுக்கு ரோடு போட்டுட்டு டீ குடிக்கிறவன வூட்டுக்கு அனுப்பறியே" என்றார். எடுக்க வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு மட்டும் டீயில் சர்க்கரை கம்மி.

முதல் நாள் ஓடிய சைக்கிள் பாவாடை என்பவனுடையது. கருணாபுரம் காலனிக்காரன், ஆலையில் மூட்டை தூக்குகிறவன். ஒன்பதாவது படிக்கும் மகள் காசியம்மாளைப் பின்னால் உட்கார வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கிக் கும்பிட்டான். "இறங்குவதற்கா வழி போட்டேன், போய்யா" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறிப் போனான்.

வழி திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. போகட்டும்.

அண்ணன்
கண்ணாயிரம்


கள்ளக்குறிச்சி
28-6-1987

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுது.

வியாழக்கிழமை காலை வளைவில் ஒரு கரும்பு லாரி தறிகெட்டு இடது பக்கம் ஏறியது. அந்த நேரம் வழியில் தனியாக வந்துகொண்டிருந்தது பாவாடையின் மகள். இப்போது அவளே ஓட்டுகிறாள். லாரி நேராக அந்த உயரமான கல்லில் மோதி நின்றது. முன் பம்பர் மடிந்துவிட்டது. கல் இம்மியும் அசையவில்லை. பெண் கல்லுக்கு அந்தப் பக்கம், சைக்கிளோடு, கரும்புச் சோகை மேலே கொட்டிக் கிடக்க நின்றாள். ஒரு கீறல் இல்லை.

நான் ஓடிப் போனபோது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அது. இதோ, இதற்குத்தான் என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. ஆயம்மாள் என்று ஒரு கிழவி, வேப்பிலை விற்பவள், கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். "பொம்பளப் புள்ளைய காப்பாத்திக் குடுத்தா பாரு ஆத்தா" என்றாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஆத்தாளாம். நாலடி ஆழம் குழி எடுத்தவன் நான்.

அண்ணன்
கண்ணாயிரம்


வெள்ளிமலை
12-7-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். செல்விக்கு இருமல் வந்து போனது. இவர் கஷாயம் வைத்துக் கொடுத்தார், தேவலை. உங்களை விசாரித்தார்.

அந்தக் காசியம்மாளை நினைத்தபடி இருந்தேன். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாளா? அவளை யாராவது கேட்டார்களா, பயந்தாயா என்று? ஆத்தாள் காப்பாற்றினாள் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும். பெண் இருக்கிறாள். அதைவிட உங்களுக்கு வேறு என்ன பட்டயம் வேண்டும்?

தங்கமணி


கள்ளக்குறிச்சி
30-8-1987

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். செல்வியின் இருமல் நின்றதா?

காசியம்மாள் மறுநாளே போனாள். நீ கேட்ட பிறகுதான் நானும் அவளைக் கேட்டேன். "பயமாத்தான் இருந்திச்சு சார். ஆனா லேட்டா போனா டீச்சர் வெளிய நிக்க வெப்பாங்க" என்றாள்.

கல்லுக்கு இப்போது மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். லாரி மறிச்ச அம்மன் என்று பெயர். ஆயம்மாள்தான் பூசாரி. என் சுண்ணாம்பும் காவியும் கோயில் சுவர் மாதிரியே இருக்கிறதாம், அதனால் அம்மன் முன்னமே குறிப்புக் காட்டிவிட்டாளாம். ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றினார்கள். அண்ணியும் ஒரு சொம்பு வாங்கி வந்தாள். நான் குடிக்கவில்லை.

அடுத்த மாதம் பெரிய மறியல் வருகிறது. நம் சமூகத்துக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு, ஒரு வாரம் எல்லாச் சாலைகளையும் நிறுத்தப் போகிறார்கள். கத்துகிற கூட்டங்களுக்குப் போகிறவன் இல்லை நான். ஆனால் கேட்பது நியாயம். ஐம்பத்தாறில் என் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நான் வரிசையில் நின்றேன். படித்த குடும்பத்துப் பையன்கள் ஒரு பக்கமாக உள்ளே போனார்கள். நமக்கு முன்னால் கதவைச் சாத்தினார்கள். சிலருக்கு மலையில் பிறந்ததே போதும், பள்ளிக்கூட வேலை வீடு தேடி வருகிறது. நமக்கு?

சரி, அதை விடு. குழந்தையைக் கவனித்துக்கொள்.

அண்ணன்
கண்ணாயிரம்


கள்ளக்குறிச்சி
4-10-1987

அன்புத் தங்கைக்கு,

தபால் ஓடவில்லை, அதனால் உன் கடிதமும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். மலையில் அரிசி, மண்ணெண்ணெய் கிடைத்ததா? இங்கே நாங்கள் பத்திரம்.

மறியல் முடிந்தது. புளிய மரங்களை வெட்டிச் சாலையில் தள்ளினார்கள். நடுச்சாலையில் பள்ளம் தோண்டினார்கள். போலீஸ் வந்தது, அடி விழுந்தது, நமக்குத் தெரிந்த பிள்ளைகள் ஜெயிலில் இருக்கிறார்கள். என் கற்களையும் பிடுங்கிச் சாலையின் குறுக்கே அடுக்கினார்கள். பிடுங்கியவர்கள் நம்மவர்கள். ஒருவன் வேலைக்கு என்னிடம் மனு எழுதி வாங்கிக்கொண்டு போனவன். "ஓவர்சியரே, ஒங்களுக்கும் சேர்த்துத்தான் செய்றோம்" என்றான்.

அம்மன் கல்லை மட்டும் யாரும் தொடவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு கற்களைத் திரும்ப நட ஆள் கேட்டேன். அலுவலகத்தில் ஆள் இல்லை என்றார்கள். பாவாடை ஆலையிலிருந்து பத்துப் பேரைக் கூட்டி வந்தான். "நாங்க போற வழிதானுங்க" என்றான். ஞாயிறு முழுக்க வேலை செய்தார்கள்.

திங்கட்கிழமை காலை வளைவில் நாலைந்து இளைஞர்கள் நின்றிருந்தார்கள். பாவாடை வந்தான். "எறங்கு" என்றார்கள். "அம்மன் சன்னதி. காலனிக்காரன் சைக்கிள்ல ஒக்காந்துகினு போவக் கூடாது. எறங்கித் தள்ளிக்கினு போ." அவன் இறங்கித் தள்ளினான். பின்னால் வந்த காசியம்மாளையும் இறக்கினார்கள். அந்தப் பெண்ணை. அந்தக் கல்லுக்கு அம்மன் என்று பேர் வந்ததே அவளால்தான்.

நான் கேட்டேன். "யாரையும் போவாதன்னு சொல்லலியே சார், எறங்கிப் போன்னுதான சொல்றோம். மருவாத" என்றார்கள். பேரூராட்சித் தலைவரிடம் போனேன். இந்தச் சமயத்தில் நம்மவர்களை நாமே பகைக்கலாமா என்றார். தலைமுறை தலைமுறையாக நமக்குச் செய்ததைக் கேட்க மரத்தை வெட்டினோம். மரம் காய்வதற்குள் நாமே இப்படி. எனக்குத் தூக்கம் இல்லை. ஆலைக்காரர்கள் இப்போது வழியை விட்டுவிட்டுப் பழையபடி லாரிகளுக்கு நடுவே போகத் தொடங்கிவிட்டார்கள். இறங்கித் தள்ளுவதற்கு அது மேல் என்கிறார்கள். அடுத்த வெட்டுப் பருவம் டிசம்பரில் தொடங்கும்.

அண்ணன்
கண்ணாயிரம்


வெள்ளிமலை
18-10-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்தது, சாமையும் கேழ்வரகும் இருந்ததால் தெரியவில்லை. நீங்கள் பத்திரமாக இருப்பது அறிந்து ஆறுதல்.

உங்கள் ஆகஸ்டு கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. தபால் ஓடாதது காரணமில்லை. மலையில் பிறந்ததே போதும் என்று எழுதியிருந்தீர்கள். இவர் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு படிக்க, மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வரை நடந்து போய், அங்கே ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகையில் படுத்துப் படித்து வாத்தியார் ஆனவர். அந்த வரியை இவருக்கு நான் வாசிக்கவில்லை.

பாவாடை இறங்காமல் போக வேண்டும் என்று தூக்கம் வராமல் இருக்கிறீர்கள். அது நல்லது. நான் உங்களை மெச்சுகிறேன், உண்மையாகவே. ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கும் தூக்கம் வராது. அம்மா செத்ததற்கு நாங்கள் வந்தோம். நான் உள்ளே வந்து அழுதேன். மலைசாதி மாப்பிள்ளை என்று இவர் எதிர்வீட்டு வேலி ஓரம், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, பாடை எடுக்கும்வரை நின்றார். மழை தூறியது. நீங்கள் வாசலில் இருந்தீர்கள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்த இளைஞர்களும் போகாதே என்று யாரிடமும் சொல்லவில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.

இத்தனை வருடத்தில் உங்கள் ஒரு கடிதத்திலும் இவர் சுகமா என்று கேட்டதில்லை. வேடியப்பன் என்று எழுதினால் பேனா உடைந்துவிடாது.

கல்லைப் பற்றி: தெய்வத்தை இடம் மாற்ற வேண்டுமானால் இங்கே பூக் கேட்பார்கள். இலைப் பொட்டலம் இரண்டு, ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சம்மதம். உங்கள் பக்கமும் அந்த வழக்கம் உண்டு. உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லை. ஊருக்கு இருக்கிறதே.

அண்ணிக்கு முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

தங்கமணி


கள்ளக்குறிச்சி
13-12-1987

அன்புத் தங்கைக்கு,

எண்ணெய் கிடைத்தது. அண்ணிக்குக் குணம் தெரிகிறது, உனக்குச் சொல்லச் சொன்னாள். உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகப் போகிறது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். இப்போது நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆயம்மாளிடம் போய்ப் பேசினேன். அம்மன் புழுதியிலும் லாரிப் புகையிலும் நிற்கிறாளே, எதிர்ப்புற வேப்ப மரத்தடியில் மேடை கட்டி, மேலே ஓடு போட்டுக் குடி வைக்கலாமே என்றேன். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீதான கூழ் குடிக்காத ஆளு?" என்றாள். பிறகு, பூக் கேட்போம் என்றாள்.

கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை. அந்த இளைஞர்கள், தலைவர், டீக்கடைக்காரர், எல்லாரும் வந்துவிட்டார்கள். கருணாபுரத்துக்காரர்கள் தள்ளி, சாலைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். பொட்டலம் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள், படித்தவன் தப்புச் செய்ய மாட்டான் என்று. இரண்டிலும் வெள்ளை அரளியே வைத்துக் கட்டினேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

கல்லுக்கு முன்னால் இரண்டையும் போட்டு, ஆயம்மாள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. குலவை போட்டார்கள். அந்த இளைஞர்களில் ஒருவன் முன்னால் வந்தான்.

"இன்னொண்ணையும் பிரி."

ஆயம்மாள் குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்தாள். கையில் வைத்து லேசாக அமுக்கிப் பார்த்தாள். இலை விளிம்பில் ஓர் இதழ் தெரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு முறை பார்த்தாள். அதைப் பிரிக்காமல் மடியில் செருகிக்கொண்டாள்.

"ஆத்தா சம்மதம்னு சொல்லிட்டா. இன்னொண்ண எதுக்குடா பிரிக்கணும்? அவ பேச்சு மேல ஒனக்குச் சந்தேகமா? சந்தேகம்னா சொல்லு, இங்கயே சூடம் ஏத்தறேன், அடிச்சு அணை."

அவன் பின்னால் போய்விட்டான்.

மறுநாள் கல்லைப் பெயர்த்தோம். அந்த இளைஞர்களே வந்து தோள் கொடுத்தார்கள். அம்மனைச் சுமப்பதில் அவர்களுக்கும் பெருமை. இப்போது வேப்ப மரத்தடியில் ஓட்டுக் கூரைக்குக் கீழே இருக்கிறாள். இருந்த குழியில் காங்கிரீட் போட்டு வேறு கல் நட்டேன். அதற்குப் பட்டை போடவில்லை, வெறும் கல்.

முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை போய் நின்றேன். காசியம்மாள் வந்தாள், நிற்காமல் போனாள். பின்னால் பாவாடை வந்தான். வளைவுக்கு வந்ததும் இறங்கினான். நாலு எட்டுத் தள்ளினான். ஏறிப் போனான்.

ஓடிப் போய் மறித்தேன். "இங்கே ஒன்றும் இல்லையே, ஏன் இறங்குகிறாய்?"

"தெரியுமுங்க. காலு தானா எறங்குது."

"நாளைக்கு இறங்காதே."

"சரிங்க" என்றான். மறுநாளும் இறங்கினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். தூரத்தில் அந்த இளைஞர்கள் டீ குடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அண்ணியின் தம்பியுடைய சைக்கிளை வாங்கினேன். ஓட்டி இருபது வருடம் இருக்கும். புதன்கிழமை காலை கருணாபுரம் திருப்பத்தில் நின்று, பாவாடை நுழைந்ததும் அவன் பின்னால் நுழைந்தேன். வளைவு வந்தது. அவன் கால் இறங்கப் போனது. மணியை அடித்தேன். விடாமல் அடித்தேன். "யோவ், பின்னாடி நான் வரேன்யா. நின்றால் மோதிவிடுவேன். போ, போ" என்று கத்தினேன். மூன்றரை அடியில் ஒதுங்க இடம் இல்லை. அவன் மிதித்தான். எனக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு சைக்கிள், அவர்களும் மணி அடித்தார்கள். யாரும் இறங்க முடியவில்லை. பாவாடை ஆலை வாசலில் நின்று, "இன்னா சார், இப்பிடித் தொரத்தறீங்க" என்றான். சிரித்தானா, திட்டினானா தெரியாது.

அன்றிலிருந்து தினமும் போகிறேன். ஓவர்சியருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரில் பேச்சு. கரும்பு லாரிகள் வரத் தொடங்கிவிட்டன. ஆலைக்காரர்கள் எல்லாரும் வழிக்குள் இருக்கிறார்கள்.

பொங்கலுக்கு வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும். மூன்று பேருக்கும் சேர்ந்து இடம் வேண்டுமானால் முந்தின நாளே கிளம்புவது நல்லது. மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்
கண்ணாயிரம்


வெள்ளிமலை
20-12-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அண்ணிக்குக் குணமாவது சந்தோஷம்.

உங்கள் கடிதத்தை இந்த முறை முழுவதும் இவருக்கு வாசித்துக் காட்டினேன். முற்றத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். ஆயம்மாள் பொட்டலத்தை மடியில் செருகிய இடத்தில் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நீங்கள் மணி அடித்த இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

கடைசியில் பஸ் பற்றிய வரியைப் படித்தேன். முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"மூணு பேருன்னு எழுதியிருக்குதா?"

"ஆமாம்."

"யாரு யாருன்னு?"

"எழுதவில்லை."

"சரி. நான் கேட்டன்னு ஒண்ணு எழுது. பாவாடைக்குப் பின்னால நின்னு மணி அடிச்சாரு. நல்ல மனுசன். அவுரு வூட்டு வாசலண்ட வந்தா எனக்கும் காலு தானா நின்னுக்கும். அங்க யாரு மணி அடிப்பாங்கன்னு கேளு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம், அண்ணா. உறையின் மேல் அவர் பெயரை எழுதி அவருக்கே எழுதுங்கள்.

தங்கமணி